லேசரா, அசிட்டா, மணலா: விமானப் பாகத்தைத் துப்புரவாக்க எதை எடுப்பது?

கிராண்ட்பாஸ் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி இரத்மலானைக்கு வந்தார். கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். கறள் பிடித்த இரும்புக் குழாயின் மேல் ஒருவர் துப்பாக்கி போன்ற ஒன்றைப் பிடிக்கிறார். வெளிச்சக் கோடு ஓடிய இடமெல்லாம் புது இரும்பாக மின்னுகிறது.

"அண்ணை, 1500 வாட் மெசின். பழைய சோனகத் தெருவிலை ஒருத்தர் இறக்கித் தாறன் எண்டுறார். இதை எடுத்தா அசிட் தொட்டியை மூடிப்போடலாமோ?"

"அந்த மெசினை எடுக்காதையும். தொட்டியையும் இப்போதைக்கு மூடாதையும்" என்றேன். அவருடைய முகம் வாடிப்போனது. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அன்று தேநீர்க்கடையில் பாதிதான் விளக்க முடிந்தது. அவரைப்போல விமானத் துறைக்குப் பாகம் செய்து கொடுக்க ஆசைப்படும் வேறு பட்டறைக்காரரும் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைத் திருத்த வேண்டும். எல்லோரும் "இந்த அழுக்கை எது கழற்றும்?" என்றுதான் கேட்கிறார்கள். எண்ணெய், பெயின்ட், ஒட்சைட்டு, கறள் எதுவானாலும் கழற்ற நாலு வழி இருக்கும். விமான வேலையில் கேட்க வேண்டியது, கழற்றிய பின் அந்த மேற்பரப்பு என்ன செய்யப்போகிறது என்பதுதான். அதில் பசை ஒட்டப்போகிறதா, வெல்டிங் வைக்கப்போகிறோமா, பிரைமர் அடிக்கப்போகிறோமா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கப்போகிறோமா? கண்ணுக்கு ஒரேமாதிரிப் பளபளக்கும் இரண்டு தகடுகளில் ஒன்று பசையை இருபது வருடம் பிடித்து வைக்கும், மற்றது ஈரம் பட்டதும் உரிந்துவிடும்.

1988 ஏப்ரல் 28ஆம் திகதி ஹவாயில், 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் கூரை ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளத்துக்குப் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பொருத்துகளில் ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து அரித்து, சுமை முழுவதும் ஆணிகளின்மேல் விழுந்து, துளை ஓரங்களில் களைப்பு வெடிப்புகள், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகத்தில் வரும் வெடிப்புகள், வளர்ந்தன. பசை ஒட்டுமுன் மேற்பரப்பை ஆயத்தம் செய்வது எவ்வளவு பெரிய விடயம் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

லேசர்: ஒரே பெயரில் இரண்டு மெசின்கள்

1970களின் தொடக்கத்தில் ஜோன் அஸ்மஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெனிஸ் நகரத்துச் சிலைகளை லேசரால் பதிவு செய்யப் போனார். போன இடத்தில், லேசரின் துடிப்பு பட்டதும் பளிங்கின் மேலிருந்த கரிப் படலம் உதிர்வதையும், அடியிலுள்ள வெள்ளைக் கல் அப்படியே இருப்பதையும் கண்டார். கறுப்பு ஒளியை உறிஞ்சுகிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது. அழுக்கு போனதும் வேலை தானாக நின்றுவிடுகிறது. லேசர்த் துப்புரவின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் அது ஆவியாகிப் பறக்க ஒரு குறைந்தபட்ச சக்தி வேண்டும். பெயின்ட்டுக்கும் எண்ணெய்க்கும் அந்த எல்லை தாழ்வு, உலோகத்துக்கு உயர்வு. இரண்டுக்கும் நடுவில் லேசரை வைத்தால் அழுக்கு போகும், உலோகம் நிற்கும்.

நடுவில் வைப்பதற்குத் துடிப்பு வேண்டும். துடிப்பு லேசர் ஒன்றின் சராசரி வலு 100 வாட் என்று வையுங்கள். செக்கனுக்கு 20,000 துடிப்பு என்றால் ஒரு துடிப்பில் 5 மில்லிஜூல். அந்த 5 மில்லிஜூல் 100 நனோசெக்கனுக்குள் வந்து விழுந்தால், அந்தக் கணத்தின் வலு 50 கிலோவாட். அழுக்கு வெடித்துப் பறக்க அது போதும். ஆனால் 100 நனோசெக்கனில் வெப்பம் எவ்வளவு ஆழம் இறங்கும்? அலுமினியக் கலவையில் ஏறத்தாழ 5 மைக்ரோமீற்றர், டைட்டேனியத்தில் ஏறத்தாழ 1. அடுத்த துடிப்பு வருமுன் ஆறிவிடும்.

தம்பி காட்டிய 1500 வாட் மெசின் அப்படியானதல்ல. அது விடாமல் எரியும் லேசர், வெல்டிங்குக்கும் வெட்டுவதற்கும் பயன்படும் அதே இனம். உச்ச வலு அந்த 1500 வாட்தான். துடிப்பு லேசரின் கண நேர வலுவில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் பாகத்துக்குள் இறக்கும் வெப்பமோ பதினைந்து மடங்கு. கறளை அது கழற்றுவது சூட்டால். கொள்கலன் சட்டத்துக்கும் கேற்றுக்கும் அது நல்ல மெசின்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. விமானத்துக்குப் போகும் அலுமினியத்தில் அதை வைக்கவே கூடாது. 7075 வகை அலுமினியத்துக்கு முழுப் பலம் வருவது 120 பாகை செல்சியஸில் 24 மணித்தியாலம் வைத்துப் பதப்படுத்துவதால். பின்னர் ஒரு மூலை மாத்திரம் 250 பாகைக்குப் போய் வந்தால் அந்த மூலையின் பலம் இறங்கிவிடும். அலுமினியம் சூட்டில் நிறம் மாறாது என்பதால் நடந்த கெடுதி ஒருவர் கண்ணிலும் படாது, பாகம் பெட்டிக்குள் போய்விடும். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது.

டைட்டேனியம் குறைந்தபட்சம் காட்டிக்கொடுக்கும். வெள்ளி நிறம் என்றால் நல்லது, இளம் வைக்கோல் நிறம் வந்தால் யோசிக்க வேண்டும், நீலம் வந்தால் பாகம் கழிவு. அதிக சூட்டில் காற்றிலிருந்து ஒட்சிசனைக் குடித்து, மேலே கண்ணாடி போலக் கடினமும் நொறுங்கும் தன்மையும் கொண்ட ஒரு தோலை அது உருவாக்கிக்கொள்ளும். களைப்பு வெடிப்புகள் தொடங்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஆகவே லேசர் என்று சொன்னால் இனி இந்தக் கட்டுரையில் துடிப்பு லேசர்தான். அதன் நன்மைகள் பெரியவை. கழிவு என்று மிஞ்சுவது வடிகட்டியில் சேரும் தூசு மாத்திரம். லேசர் படக்கூடாத இடங்களை மூடிக் காக்கும் வேலை குறைவு. ஓட்டையைச் சுற்றி 3 மில்லிமீற்றர் அகல வளையத்தை மட்டும் துப்புரவாக்கச் சொன்னால் அந்த வளையத்தை மட்டும் செய்யும். வலு, துடிப்பு எண்ணிக்கை, வேகம் எல்லாம் எண்களாகப் பதிவாகின்றன. நாளை ஒரு பரிசோதகர் வந்து கேட்டால் நேற்றைய பாகத்துக்கு என்ன செய்தோம் என்று காட்டலாம். எமரி தாள் பிடித்த கைக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது.

வெல்டிங்குக்கு முந்திய துப்புரவில் இது தனித்து நிற்கிறது. அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேலுள்ள ஒட்சைட்டு உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். ஒட்சைட்டைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அது உருகாமல் இணைப்புக்குள் மாட்டிக்கொள்ளும். வயர் பிரஷால் தேய்க்கலாம், ஆனால் அந்த பிரஷ் நேற்று இரும்பைத் தேய்த்திருந்தால் இரும்புத் துகளும் சேர்ந்து வரும். லேசருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பசை ஒட்டும் வேலையில் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். பொசுபோரிக் அசிட்டில் அனோடைஸ் செய்யும் முறையை போயிங் 1970களில் வளர்த்தெடுத்தது. அந்த முறையில் அலுமினியத்தின் மேல் நுண்துளைகள் நிறைந்த ஒரு ஒட்சைட்டுப் படலம் வளர்கிறது, பசை அந்தத் துளைகளுக்குள் வேர்விடுகிறது. லேசர் அழுக்கை எடுக்கும், சரியான அளவில் வைத்தால் மேற்பரப்பைச் சற்று முரடாக்கவும் செய்யும். ஆனாலும் அது தொட்டியில் வளரும் படலத்துக்கு ஈடு என்று பாகத்துக்குப் பாகம் சோதித்துக் காட்டாமல் ஏற்க முடியாது.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். இந்த லேசரின் 1064 நனோமீற்றர் அலைநீள ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையில் போய்க் குவியும். கண் சிமிட்டித் தப்ப வழியில்லை, ஏனென்றால் பட்டது தெரியாது. அலுமினியம் அந்த ஒளியில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். பாகம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கதிர் அறைக்குள் எங்கும் போகலாம். இது நான்காம் வகுப்பு லேசர், ஆபத்தில் உச்ச வகுப்பு. மூடிய அறை, கதவு திறந்தால் மெசின் நிற்கும் ஏற்பாடு, அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி, அந்த இடத்திலேயே புகையை உறிஞ்சும் குழாய், நுண்தூசு வடிகட்டி எல்லாம் வேண்டும். பழைய பிரைமரில் குரோமேற்று இருந்தால் புகையில் புற்றுநோய் தரும் குரோமியம் வரும். டைட்டேனியத் தூசும் அலுமினியத் தூசும் வடிகட்டிக்குள் சேர்ந்தால் தீப்பற்றும். மெசினின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த அறையை மறந்துவிடுகிறார்கள். சிறு பட்டறைக்கு அறையின் செலவுதான் தலையைச் சுற்ற வைக்கும்.

தொட்டியின் பக்கத்து நியாயம்

அசிட் தொட்டியை நான் பழையது என்று ஒதுக்கவில்லை. நூறு பாகத்தைக் கூடையில் போட்டு ஒரே நேரத்தில் இறக்கலாம். கதிர் எட்டாத உள்மூலைக்கும் குழாயின் உட்புறத்துக்கும் திரவம் போகும். லேசர் பார்த்த இடத்தை மட்டும்தான் துப்புரவாக்கும். கூட்டுச் சேர்ந்த சிக்கலான வடிவங்களில் இது ஒன்றே தீர்ப்பை மாற்றிவிடுகிறது.

ஆனால் தொட்டிக்கு அதன் சொந்தப் பேய்கள் உண்டு. டைட்டேனியத்துக்கு நைத்திரிக் அசிட்டும் ஐதரோபுளோரிக் அசிட்டும் கலந்த குளியல். ஐதரோபுளோரிக் தோலில் பட்டால் முதலில் வலி குறைவாகத் தோன்றும், பிறகு எலும்பு வரை போகும். பக்கத்தில் கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு இல்லாத பட்டறையில் நான் அந்தப் போத்தலைத் திறக்க விடமாட்டேன். குளியலின் விகிதம் பிழைத்தால் டைட்டேனியம் ஐதரசனைக் குடித்து நொறுங்கும் தன்மை பெறும். உயர்பல உருக்கிலும் இதே கதைதான். சில்லுத் தாங்கிகளில் வரும் அப்படியான உருக்கை கட்மியம் பூசிய பின் 190 பாகையில் ஒரு நாள் அளவு சூடாக்கி ஐதரசனை வெளியேற்றுகிறார்கள். லேசரில் ஐதரசன் என்ற பேச்சே எழாது, அது பெரிய நிம்மதி.

பெயின்ட் கழற்ற இங்கு இன்றும் பலர் கேட்பது டைகுளோரோமீதேன் உள்ள ரிமூவரை. வேகமாகக் கழற்றும், உண்மை. அது 40 பாகையில் கொதிக்கிற திரவம். நம்முடைய பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு அதைத் திறந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூச்சில் போனது உடம்புக்குள் காபனோரொட்சைட்டாக மாறி இரத்தத்தின் ஒட்சிசனைத் தடுக்கும். அமெரிக்கா 2024இல் இதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது.

பிறகு கழிவுநீர். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் இப்படியான தொட்டிகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வெறும் கடதாசி வேலை என்று நினைக்காதீர்கள். அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுக்கும் தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது. குரோமேற்றுக் கழிவை வாய்க்காலில் விடுகிறவர் தன் பிள்ளைகளின் குவளையைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மணலும் உலர்பனியும்

சாண்ட் பிளாஸ்டிங் மலிவு, வேகம், எல்லோருக்கும் தெரியும். உருக்குக்கு நல்லது. மெல்லிய விமான அலுமினியத்தில் எனக்கு விருப்பமில்லை. 2024 என்ற இலக்கமுள்ள அலுமினியக் கலவைத் தகட்டின் இரு பக்கமும் பெரும்பாலும் கறள் காக்கவென்று தூய அலுமினியத் தோல் ஒன்று இருக்கும். 1 மில்லிமீற்றர்த் தகட்டில் பக்கத்துக்குச் சுமார் 50 மைக்ரோமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு. கண்ணாடி மணியோ கடினத் துகளோ அதைச் சில செக்கனில் தின்றுவிடும். பிளாஸ்டிக் துகள்கள் மென்மையானவை, பெயின்ட் கழற்ற விமானத் துறை அவற்றைப் பயன்படுத்துகிறது, ஆனால் அதற்கும் பழகிய கை வேண்டும். சிலிக்கா மணலோ நுரையீரலை அழிக்கும். அதை இன்னும் வைத்திருக்கும் பட்டறைகள் இன்றே நிறுத்த வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. துகள் அடித்த மேற்பரப்பில் உலோகம் நசுங்கிப் பரவி, இருந்த வெடிப்பின் வாயை மூடிவிடும். பிறகு ஒளிரும் திரவத்தை ஊற்றி வெடிப்புத் தேடினால் திரவம் உள்ளே போகாது, வெடிப்பு தெரியாது. 1996 யூலை 6ஆம் திகதி அமெரிக்காவின் பென்சகோலாவில், ஓடுபாதையில் வேகமெடுத்த எம்டி-88 விமானத்தின் எஞ்சின் முன்விசிறியின் டைட்டேனியக் குடம் (விசிறி இதழ்கள் பொருந்தும் நடுப்பாகம்) வெடித்துச் சிதறி இரண்டு பயணிகள் இறந்தனர். அந்தக் குடத்தில் வெடிப்பு ஏற்கெனவே இருந்தது, திரவப் பரிசோதனையில் தவறவிடப்பட்டிருந்தது. அங்கே காரணம் துகள் அடித்தது அல்ல. ஆனால் பரிசோதனைக்கு முந்திய கழுவலும் உலர்த்தலும் எவ்வளவு கவனமாக நடக்க வேண்டும் என்பதை அந்த விசாரணை எல்லோருக்கும் எடுத்துக்காட்டியது. பரிசோதனைக்குப் போகும் பாகம் என்றால் நான் முதலில் இரசாயனக் கழுவலைத்தான் தேர்வேன். லேசரும் அளவு மிஞ்சினால் மேற்பரப்பை மெல்ல உருக்கி வெடிப்பின் வாயை மூடக்கூடும்.

உலர்பனி, அதாவது கட்டியான காபனீரொட்சைட்டு, −78.5 பாகை. அடித்ததும் வாயுவாகிப் போய்விடும், துகள் மிஞ்சாது. அச்சுகளிலும் மின்பாகங்களிலும் படிந்த பிசினுக்கு அருமை. ஒட்சைட்டையும் கறளையும் அது அசைக்காது. நம் ஊரில் இன்னொரு இடைஞ்சல்: குளிர்ந்த உலோகத்தில் உடனே ஈரம் படியும்.

ஈரம் எல்லா முறைக்கும் பொதுவான எதிரி. கொழும்பின் காற்றில் பெரும்பாலான நாட்களில் 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் படியும். குளிரூட்டிய அறையில் துப்புரவாக்கிய பாகத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த கட்டடத்தில் பிரைமர் அடிக்கப் போனால், வழியிலேயே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் வந்திருக்கும். கடற்காற்றின் உப்பும் சேரும். டைட்டேனியத்தில் விரல் ரேகையின் உப்புகூட, பின்னர் சூடாகும்போது வெடிப்புக்கு வழி வைக்கும். லேசரில் நன்றாகத் துப்புரவான உலோகம் மிகவும் பசியோடு இருக்கும், எதையும் பிடித்துக்கொள்ளும். அதனால் துப்புரவுக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே எத்தனை மணித்தியாலம் அனுமதி என்பதை எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த வேலை அதே அறையில் நடந்தால் இன்னும் நல்லது.

யார் அனுமதிப்பது?

எந்த முறை சிறந்தது என்று நாம் எவ்வளவு வாதாடினாலும், வாங்குபவரின் விவரக்குறிப்பில் இல்லாத முறையால் ஒரு பாகத்தையும் துப்புரவாக்க முடியாது. மேற்பரப்பு வேலைகள் விமானத் துறையில் சிறப்புச் செயன்முறைகளில் சேரும்; நாட்கேப் போன்ற அங்கீகாரத்தைப் பெரிய நிறுவனங்கள் கேட்கும். பறக்கும் விமானத்தின் பழுதுபார்ப்பு என்றால் உற்பத்தியாளரின் கைநூல் சொன்னது மட்டும்தான் செல்லும், அதன்மேல் இங்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் கண் இருக்கும். கைநூலில் இல்லாத லேசரை "நல்லதுதானே" என்று கொண்டுபோக முடியாது. அமெரிக்க விமானப்படை யூட்டாவின் ஹில் தளத்தில் எஃப்-16 விமானங்களின் பெயின்ட்டை ரோபோக் கை ஏந்திய லேசரால் கழற்றுகிறது என்பது உண்மை. அதன் பின்னால் பல வருடச் சோதனையும் பல கிலோவாட் மெசினும் இருக்கின்றன. கையில் பிடிக்கும் 100 வாட்டால் முழு விமானத்தைக் கழற்ற நினைப்பது தேக்கரண்டியால் பேரை வாவியை இறைப்பதற்குச் சமம்.

அப்படியானால் தம்பிக்கு என் தீர்ப்பு என்ன? அவரிடம் இருப்பது மூன்று விதமான வேலை. வெல்டிங்குக்குப் போகும் அலுமினியத் தாங்கிகளுக்குத் துடிப்பு லேசர். இங்கே நான் தயங்கமாட்டேன். பரிசோதனைக்குப் போகும் டைட்டேனியத் துண்டுகளுக்குத் தொட்டி, ஆனால் அளவைச் சிறிதாக்கி, கழிவுநீரை அனுமதி பெற்ற ஒருவரிடம் கொடுத்து. பசை ஒட்டும் தகடுகள்தான் சிக்கல். அவற்றுக்கு வாங்குபவர் இப்போது கேட்பது அனோடைஸ். அதை லேசருக்கு மாற்ற அவர் சம்மதிக்க வேண்டுமானால் சோதனை முடிவைக் காட்ட வேண்டும்.

சோதனை கடினமானதல்ல. துப்புரவான தகட்டில் தண்ணீர் ஊற்றி, படலம் அரை நிமிடம் உடையாமல் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பது. அது எண்ணெய் இருந்தால் காட்டும், பசை நிலைக்குமா என்று சொல்லாது. அதற்கு ஆப்புச் சோதனை வேண்டும்: ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆப்பை அடித்து, வெடிப்பின் நுனியைக் குறித்துவைத்து, 50 பாகையும் நிறைந்த ஈரமும் உள்ள பெட்டிக்குள் வைத்து, வெடிப்பு எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது. குளிர் நாட்டுக்காரருக்கு அது செயற்கையான கொடுமை. நமக்கு அது மே மாதத்தை விடக் கூடிய சூடு, அவ்வளவுதான்.

அவர் இப்போது 1500 வாட் மெசினுக்கான பேச்சை நிறுத்திவிட்டார். துடிப்பு லேசர் ஒன்றை இரண்டு வாரத்துக்கு வாடகைக்குக் கேட்டிருக்கிறார். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளில் பாதி தொட்டிக்கும் பாதி லேசருக்கும் போகும், பிறகு எல்லாம் ஒரே ஈரப்பெட்டிக்குள். அளவெடுக்கும் நாளில் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை தொட்டி திறந்தே இருக்கும்.